மணிக்கு எத்தனை லிட்டர்

ஏழுமலை டீசல் திருடவில்லை. திருடினார் என்று பொருள்படும்படி அறிக்கை கொடுத்தவன் நான். கொடுத்த ஒன்பதாம் நாளே அது தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பதினோரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். அறிக்கை எழுதியே காலம் கழித்தவனுக்கு அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடும். உங்களுக்கும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிகளுக்குக் கணக்குப் போடும் சாப்ட்வேர் எழுதுகிற நீங்கள் இப்போது செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். ஒரு நிறுவனத்திடம் இருபது முப்பது பொக்லைன், அதற்கேற்ற டிப்பர்கள் இருக்கும். எந்த வண்டி கொடுத்த செலவுக்கு உழைக்கிறது, எது உட்கார்ந்து தின்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு வீடு விழுப்புரத்தில். வண்டிகள் ஓடியது திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கல்குவாரிகளில். இரண்டுக்கும் நடுவே கூட்டேரிப்பட்டில் வண்டிகள் நிற்கும் எங்கள் யார்டு. இந்த மூன்றுக்கும் இடையில் பஸ்ஸில் போய் வந்தே என் வேலைக்காலம் முடிந்தது. எப்படி அளந்தோம், எந்தப் படிவத்தில் எழுதினோம் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். இப்போது அதை இயந்திரமே செய்கிறது. வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் யார்டு டேங்கில் டீசல் கணக்கு இடித்தது. வந்த அளவுக்கும் வண்டிகளுக்கு ஊற்றிய அளவுக்கும் மீதிக்கும் பொருந்தவில்லை. ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"எவனோ உறிஞ்சறான் சார். வெள்ளிக்கெழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்."

காரணம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, பெயர் வேண்டும் என்றார். இந்த வித்தியாசம் அன்றைக்கே என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் பெயரைத் தேடத்தான் போனேன்.

ஒவ்வொரு பொக்லைனிலும் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் உண்டு. ஊற்றிய டீசலை அந்த மணியால் வகுத்தேன். மணிக்கு எத்தனை லிட்டர் என்று ஒரே ஒரு எண் கிடைத்தது. குறைவாகக் குடித்த வண்டி மேலே, அதிகம் குடித்தது கீழே என்று வரிசைப்படுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். பெரும்பாலான வண்டிகள் பதினொரு லிட்டர் பக்கத்தில் நின்றன. கடைசி வரியில் பதினைந்து. அந்த வண்டியின் ஆபரேட்டர் ஏழுமலை. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்து ஊர்க்காரர்.

வியாழக்கிழமை எங்கள் தலைமை மெக்கானிக் என் மேசைக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை.

"ஏழுமலையா? சார், அந்த வண்டிய போன மாசந்தான் நான் பாத்தேன். பம்பு, நாசில் எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"அப்போ டீசல் எங்க போகுது?"

"தெரியாது சார். ரெண்டு நாளு குவாரில நின்னு, அவன் வேலை செய்யறத பாத்துட்டு எழுதுங்க."

"நாளைக்குக் குடுத்தாகணும்."

"அப்ப நாளைக்கு, தெரியலன்னு எழுதிக் குடுங்க."

நான் சிரித்தேன். தெரியவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கா எனக்குச் சம்பளம் என்று கேட்டேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொழில் ஆலோசனை அது. இருபத்துநாலு மணி நேரம்கூட அதைக் கையில் வைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வண்டி எடுக்க எல்லா ஆபரேட்டர்களும் யார்டில் கூடியிருந்த நேரத்தில் முதலாளி என் தாளோடு வெளியே வந்தார்.

"ஏழுமல, இங்க வா. எத்தினி நாளா நடக்குது இது?"

"எதுங்க மொதலாளி?"

"எல்லார் வண்டியும் மணிக்குப் பதினொரு லிட்டர் குடிக்குது. உன் வண்டி பதினஞ்சு. மிச்சம் நாலு லிட்டர நீ குடிக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், லோடு எண்ணுனீங்களா? என் வண்டி எத்தினி லோடு ஏத்துச்சு, அவுங்க வண்டி எத்தினி லோடு ஏத்துச்சு? அத எண்ணுனீங்களா சார்?"

"லோடு கணக்கு தனி, டீசல் கணக்கு தனி" என்றேன்.

"எப்டி சார் தனியாவும்?"

முதலாளி குறுக்கே வந்தார். "படிச்ச மனுஷன் கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துருக்காரு. நீ எதிர்க்கேள்வி கேக்கறியா? சாவிய வெச்சிட்டுக் கெளம்பு."

ஏழுமலை சாவியை என் கையில் வைத்தார். "சீட்டுல போட்டுக்கினு இருக்கற துண்டு என்னுது. அத மட்டும் எடுத்துக்கறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்தார். போகும்போது துண்டை உதறிக் காட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஏழுமலை அவர் ஊரில் காலனிப் பக்கத்தவர். அந்தப் பட்டியலின் கடைசியில் முதலாளியின் உறவுக்காரர் ஒருவரின் பெயர் வந்திருந்தால், மீட்டர் பழுதா என்று முதலில் பார்த்திருப்பேன். ஏழுமலையின் பெயர் வந்ததும் பார்க்கத் தோன்றவில்லை. யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே தோன்றாமல் போயிற்று. இயந்திரங்களை அளக்கிற எண்ணில் மனிதர்களைப் பற்றிய எண்ணம் கலக்காது என்று நினைத்திருக்கிறீர்கள் என்றால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள், டிப்பர்களின் டயர் தேய்மானம் பார்க்க வேண்டி, கிரஷர் எடைமேடையின் சீட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். எந்தப் பொக்லைன் ஏற்றிய கல் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கும். இரண்டு கட்டு புரட்டியதும் கை நின்றுவிட்டது. ஏழுமலையின் வண்டி மற்ற வண்டிகளுக்குச் சமமாக லோடு ஏற்றியிருந்தது. அதே லோடு, ஆனால் ஹவர் மீட்டரில் மணி மட்டும் மிகக் குறைவு.

சுலபமான எண்களில் சொல்கிறேன். இரண்டு வண்டிகளும் ஒரு நாளில் நாற்பது டிப்பர் நிரப்புகின்றன. ஒன்று எட்டு மணி நேரமும் இன்ஜினை அணைக்காமல் தொண்ணூறு லிட்டர் எரிக்கிறது. மணிக்குப் பதினொன்றேகால். இன்னொன்று டிப்பர் இல்லாத நேரமெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது. எழுபத்தைந்து லிட்டர். மணிக்குப் பதினைந்து. பதினைந்து லிட்டர் மிச்சம் பிடித்தவன் என் பட்டியலில் கடைசியில் நிற்கிறான். சும்மா ஓடுகிற இன்ஜின் கொஞ்சமாகக் குடிக்கும். அந்தக் கொஞ்சம் சராசரியைக் கீழே இழுத்து, வீணாக்குகிறவனை நல்லவனாகக் காட்டும்.

மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"ஏழுமலை வண்டியை அணைச்சிடுவாரா?"

"ஆமா சார். டிப்பர் வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிட்டு எறங்கி நிப்பான். ஏசி செத்துப்போயி ஒரு வருஷம் ஆவுது, உள்ள உக்காந்தா வெந்துடுவான். சரி பண்ணணும்னு மூணு வாட்டி எழுதிக் குடுத்தான். நீங்கதான் அடிச்சிட்டீங்க."

அடித்தது உண்மை. 'உற்பத்திக்கு உதவாத செலவு' என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தேன்.

"இன்னிக்கே மொதலாளிகிட்ட சொல்லிடுங்க சார்" என்றார் மெக்கானிக். "இன்னிக்குச் சொன்னா அது தப்பு. அடுத்த வாரம் சொன்னா அது பொய்யாயிடும்."

சொல்லத்தான் போனேன். படியேறும்போது முதலாளியே எதிரில் வந்தார். முந்தின நாள் திண்டிவனத்தில் வண்டி முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் என் பட்டியலைக் காட்டினாராம். எல்லோரும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்களாம். "உங்களத்தான் கேக்கறாங்க சார். அந்த ஏழுமலை பேரையும் சொல்லி வெச்சிட்டேன். இனிமே இந்தப் பக்கம் எவனும் அவனுக்கு வண்டி குடுக்க மாட்டான்." என் தோளைத் தட்டினார். நான் "சரிங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன சொற்களில் அதைவிடச் சிறியதும் இல்லை, அதைவிட அதிகம் கெடுத்ததும் இல்லை. எடைச் சீட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டேன்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் யார்டு டேங்கைச் சுத்தம் செய்யத் தூக்கினார்கள். அது ஒரு பக்கம் மண்ணில் இறங்கிப்போயிருந்தது. மேடாக நின்ற பக்கத்தில்தான் அளவுகோலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் எப்போதும் குறைவாகக் காட்டியிருக்கிறது. யாருமே திருடவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆபரேட்டர்கள் என் பட்டியலைப் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை. ஏசி நன்றாக இருந்த வண்டிகளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்பது மாதாமாதம் இறங்கியது, மொத்த டீசல் மாதாமாதம் ஏறியது. 'வேலைப்பளு கூடியிருக்கிறது' என்று நான் குறிப்பு எழுதினேன். எனக்குப் பாராட்டு வந்தது. அப்படியே ஓய்வும் பெற்றேன்.

மூன்று மாதத்துக்கு முன் திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இரண்டு பொக்லைன் ஆபரேட்டர்கள், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"பழைய ஆளு எங்கடா?"

"அவன் ஏழுமலை வேலை காட்டிட்டான்டா. அனுப்பிட்டாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "தம்பி, அந்த ஏழுமலை யாரு?" என்று கேட்டேன்.

"யாருன்னா? ஆளெல்லாம் இல்ல சார். டீசல் திருடறதுக்கு அப்டிச் சொல்லுவாங்க."

அவர்களுக்கு அது ஒரு மனிதனின் பெயர் என்றே தெரியாது. நான் எழுதிய ஒரு வரி ஆளைத் தின்றுவிட்டுப் பெயரை மட்டும் சுற்றவிட்டிருக்கிறது. அன்று விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, உட்கார முடியாமல், இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மறுநாள் காலை காணைக்குப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வெட்டிய கரும்பை டிராக்டரில் ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டம்மா என்னை யார் என்று தெரியாமலே உட்கார வைத்தார். ஏழுமலை வந்தார். நரைத்திருந்தார். தோளில் கரும்புச் சோகை கிழித்த கோடுகள்.

"வாங்க சார். கண்ணாடி மாத்திட்டீங்க போல."

"யாரு இவுரு?" என்றார் வீட்டம்மா.

"பட்டியல் போட்ட சார்."

வீட்டம்மா உள்ளே போனார். சற்றுப் பொறுத்து ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து தரையில் வைத்தார். "வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கணும்னு குடுக்கறேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

எடைச் சீட்டு, அணைத்த இன்ஜின், இறங்கிப்போன டேங்க் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலை பொறுமையாகக் கேட்டார்.

"நான் திருடலன்னு எனக்குத் தெரியும் சார். அதச் சொல்றதுக்கா இத்தினி தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்கணும்னு..."

"அத வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? எனக்கு வண்டி வேணும். கரும்பு தூக்கறதுக்கு நான் பொறக்கல சார். பக்கெட்டால ஒரு முட்டைய ஒடையாம எடுத்து வெப்பேன். மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனா, வண்டிக்குப் பக்கத்துல நிக்காத மாமா, டீசல் கொறஞ்சிடும்னு கிண்டல் பண்றானுங்க. என்னிய வண்டில ஏத்தி உட முடியுமா, சொல்லுங்க."

முடியும் என்று நான் சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்றேன். "செய்யுங்க" என்றார், நம்பாமல்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன். மரியாதைக்குக் கொடுத்தார்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, ஏழுமலையின் பெயரையும் ஊரையும் சொல்லி, நின்றுகொண்டு படித்தேன். என் பழைய முதலாளி முன் வரிசையில் இருந்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் பின்னால் இருந்து ஒரு குரல், "இத்தினி வருஷம் இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டது. "சும்மா இருந்தேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நியாயம்தான்.

ஆனால் ஒரு குவாரிக்காரர் வெளியே வந்து என்னைப் பிடித்தார். "எனக்கு ஆளு இல்ல சார். அவரு நெசமாவே நல்ல ஆபரேட்டரா?" என்றார். "நான் பார்த்ததில்லை, எடைச் சீட்டு சொல்லுது" என்றேன். ஒரு வாரத்தில் ஏழுமலை புது வண்டியில் உட்கார்ந்தார். முதல் நாள் எனக்குப் போன் செய்து, பேசாமல், இன்ஜின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்க வைத்துவிட்டு வைத்தார்.

இங்கே நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போன் வந்தது.

"சார், ஒரு சந்தேகம். வண்டில ஒரு பொட்டி வெச்சிருக்காங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி எல்லாரு போனுக்கும் ரிப்போர்ட் அனுப்புது. பச்ச, மஞ்ச, செவப்பு. எனக்கு மூணு வாரமும் செவப்பு சார்."

"எதை வெச்சு நிறம் போடறாங்க?"

"மணிக்கு எத்தினி லிட்டர்."

மறுநாள் காலை திண்டிவனத்தில் இருந்தேன். அந்தக் குவாரியின் இயந்திரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு இளம் பெண், இன்ஜினியர். மரியாதையாக உட்கார வைத்தார். எனக்கு ஒன்பது நாள் பிடித்ததை அவர் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட் சார். சும்மா ஓடற நேரத்தை பொட்டி தனியாவே பதியுது. ஸ்கோர்ல மட்டும் எடுக்கல. ஃபார்முலா எங்க கையில இல்ல, சாப்ட்வேர் கம்பெனில இருக்கு. மாத்தச் சொல்லி எழுதறேன்."

"எப்போ மாறும்?"

"தெரியாது சார். ஆனா மூணு மாசம் தொடர்ந்து சிவப்புன்னா ஆபரேட்டரை மாத்தணும்னு இங்க ரூல்."

"இந்தக் கணக்கை அவங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"இந்த ஏரியாவுல ரொம்ப வருஷமா இப்படித்தான் பார்க்கறாங்களாம் சார். சங்கத்துல எல்லாரும் இதையே கேட்டாங்களாம்."

குவாரிக்காரரிடமும் பேசினேன். "ஒருத்தருக்காக அந்த ரூல நிறுத்துனா எல்லாரும் கேப்பாங்க சார்" என்று முடித்துக்கொண்டார்.

பிறகு குவாரிப் பள்ளத்துக்கு இறங்கினேன். டிப்பர் எதுவும் இல்லை. வண்டி அணைந்து நின்றது. ஏழுமலை கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தார். கேபினில் ஏசி நன்றாக வேலை செய்யும், இருந்தும் இறங்கி நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் இன்னா பண்ணட்டும் சார்? நீங்க சொல்லுங்க."

அவர் கையில் மிச்சம் இருந்தது இரண்டு மாதம். எழுத்தில் போன கோரிக்கைகள் இரண்டு மாதத்தில் நகர்வதை நான் பார்த்ததில்லை.

"டிப்பர் இல்லாதப்பவும் இன்ஜினை ஓட விடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "டீசல் வீணாப் பூடுமே சார்."

"போகட்டும்."

"நீங்களா சார் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

ஏறினார். சாவியைத் திருப்பினார். வேலை இல்லாத வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரிவில் ஏறி மேலே வரும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வார ரிப்போர்ட்டின் படம் ஏழுமலையிடமிருந்து வந்தது. அவர் பெயருக்கு நேரே பச்சை. கூடவே ஒரு குரல் பதிவு: "பச்ச வந்துடுச்சு சார். வீட்ல காட்டுனேன், சந்தோசப்பட்டாங்க. மச்சானுக்கும் அனுப்பிட்டேன். ஆனா சார், சும்மா நிக்கற நேரத்துல எரியறத பாத்துக்கினு உக்கார முடியல. எப்ப சார் மாத்துவாங்க?"

நாலு நாளாக அதற்குப் பதில் போடாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அந்தத் தேதி என்னிடம் இல்லை. அந்த ஃபார்முலா உங்களில் யாரோ ஒருவரின் மேசையில் இருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியாததால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். தேதி தெரிந்ததும் சொல்லுங்கள், அவரிடம் சொல்ல வேண்டும்.